பழைய காருக்குப் பெரிய டர்போ: வகுப்பறையில் ஒரு கேள்வி

வெள்ளானூருக்கு அருகே, ஆவடி என்ஜின் தொழிற்சாலையில் டி-72, டி-90 டாங்கிகளுக்கான என்ஜின்கள் உருவாகியுள்ளன. இரண்டும் 12 சிலிண்டர், ஏறத்தாழ 39 லிட்டர். முன்னதன் திறன் 780 குதிரைத்திறன். அதில் என்ஜினின் ஆற்றலே காற்றழுத்தியைச் சுழற்றுகிறது. பின்னதில் வெளியேறும் புகை அந்த வேலையைச் செய்கிறது, அதுவே டர்போசார்ஜர். திறன் 1000.

“பழைய காரிலும் பெரிய டர்போ பொருத்தலாமா?” என மாணவர்கள் கேட்கக்கூடும். காற்று கூடினால் டீசலும் கூட வேண்டும். வெப்பமும் அழுத்தமும் உயரும். பிஸ்டனும் கேஸ்கட்டும் அதற்கென வடிவமைக்கப்படாவிட்டால் சேதமடையும். பெரிய சக்கரம் வேகமெடுக்கவும் தாமதமாகும். எனவே கையில் உள்ள பணம் முதலில் ரேடியேட்டருக்கும் பிரேக்குக்கும் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் சொல்லிக்கொடுப்போம்.