கழுத்தில் "சொடக்கு": 30 வயது வாலிபருக்கு பக்கவாதம்!

தஞ்சை:

முடி வெட்டியாச்சு. சவரமும் ஆச்சு. "அண்ணே, அப்படியே கழுத்துல ஒரு சொடக்கு எடுத்து விடுங்க!"

தஞ்சை கீழவாசல் ஆனாலும் சரி, மன்னார்குடி கடைத்தெரு ஆனாலும் சரி, சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சர்வ சாதாரணமாகக் கேட்பது இது. கடைக்காரரும் தலையை இரு கையாலும் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்புவார். "மடக்" என்று சத்தம் கேட்கும். சுகமாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு திருப்பில் கை, கால் விழுந்து விடும் என்றால் நம்புவீர்களா?

பேச்சு வரவில்லை

கர்நாடக மாநிலம் பல்லாரியில் 2024-ம் ஆண்டு அதுதான் நடந்தது. 30 வயது வாலிபர் முடி வெட்டப் போனார். கடைக்காரர் காசு வாங்காமல் தலைக்கு மசாஜ் செய்து, கடைசியில் கழுத்தையும் திருப்பி விட்டார்.

சுரீர் என்று வலி. வாலிபர் அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்குப் போன சில மணி நேரத்தில் பேச்சு வரவில்லை. இடது பக்கம் பலம் இழந்தது.

பெங்களூரு ஆஸ்டர் ஆர்.வி. ஆஸ்பத்திரியில் சோதித்தபோது, கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தது! ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

மடை அடைத்த கதை

மூளைக்கு ரத்தம் கொண்டு போக கழுத்தில் 4 பெரிய குழாய்கள் உண்டு. முன்னால் இரண்டு, பின்னால் எலும்புக்குள் நுழைந்து போவது இரண்டு. உள்சுவர் கிழிந்தால் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து உறையும். அந்தக் கட்டி வழியை அடைக்கும். பெயர்ந்து மூளைக்கும் போகும். மடையை ஆகாயத்தாமரை அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகுமா? அதேதான்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இல்லாதவருக்கும் இது வரும். 50 வயதுக்குக் கீழ் வரும் பக்கவாதத்தில் நாலில் ஒன்று வரை இந்தக் கிழிசலால்தான் என்கிறது மருத்துவக் கணக்கு.

சொடக்கு எடுத்த எல்லோருக்கும் வந்து விடாது. மிக அபூர்வம். விபத்தில் கிழியலாம், பலத்த இருமலில் கிழியலாம், காரணமே தெரியாமலும் கிழியலாம். ஐதராபாத்தில் 2022-ம் ஆண்டு ஒரு பெண்மணி அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக் கூந்தல் அலசியபோது பக்கவாதம் வந்தது. அங்கே கழுத்துக் குழாய் நசுங்கியதே காரணம் என்றார்கள் டாக்டர்கள்.

கடைக்காரர் மேல் பாய வேண்டாம். கேட்டு வாங்குவது நாம்தானே!

நாலரை மணி நேரம்

இதுவரை இல்லாத வலி கழுத்தில் ஒரு பக்கமாக வந்தால் உஷார்! ஒரு கண் இமை தொங்குவது, தள்ளாட்டம், எல்லாம் இரண்டாகத் தெரிவது, நாக்குக் குளறல் - இவை கூட வந்தால் உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். சிலருக்கு வலி வந்து பல நாள் கழித்துத்தான் கை, கால் விழும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வேதாரண்யத்தில் இருந்து தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே 2 மணி நேரத்துக்கு மேல் போய் விடும். இதில் "வாயுப் பிடிப்பு" என்று வெந்நீர் ஒத்தடம் கொடுப்பவர்களும், புறா ரத்தம் தேடி ஓடுபவர்களும் உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போனதும், "கழுத்தைத் திருப்பினாங்க டாக்டர்" என்று மறக்காமல் சொல்ல வேண்டும். தலையை மட்டும் ஸ்கேன் எடுத்தால், கழுத்தில் உள்ள கிழிசல் அதில் தெரியாது.