எடை குறைக்கும் ஊசிமருந்துகள்: தெரியும் முறை

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவிலே, நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என வகுத்துக் காட்டினார். வகுப்பறையிலே இதனைப் பல்லாண்டு கற்பித்து வந்த நாம், இதன் முழுப் பொருளையும் உணர்ந்தது அண்மையிலேதான்.

எம்முடன் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பருத்த உடலினால் முழங்கால் நோவுற்று வருந்தினார். இலண்டனில் வாழும் அவர் மருமகன் விடுமுறையில் வந்தபோது, தமக்கென வாங்கிய டிர்செபடைட் ஊசிப் பேனாக்களுள் புதிய ஒன்றை அன்போடு கொடுத்துச் சென்றார். அஃது ஒரு முறைக்கு 10 மில்லிகிராம் செலுத்துவது. தொடங்குவோர்க்கு உரிய அளவின் நான்கு மடங்கு. மருமகன் மாதக் கணக்கிற் படிப்படியாக ஏறி அடைந்த அளவை, ஆசிரியர் முதல் நாளே ஏற்றிக்கொண்டார். மூன்று நாள் ஓயாத வாந்தி. உடலின் நீர் வற்றி வைத்தியசாலையிற் கிடந்தார். பார்க்கச் சென்ற எம்மிடம், "மாஸ்டர், பிழை மருந்திலோ, என்னிலோ?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதலானோம். நாம் வைத்தியரல்லேம், ஆயினும் ஐயமறத் தெரிந்தவற்றை முறைப்படுத்திச் சொல்லுதல் ஆசிரியர் தொழிலேயன்றோ?

மருந்துகள் மூன்று

நாம் உண்ட உணவு குடலை அடைந்ததும், குடல் சில ஓமோன்களைச் சுரக்கின்றது. அவற்றுள் ஒன்று ஜீ.எல்.பி.-1 எனப்படும். அது சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரப்பிக்கும். இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்தும். 'போதும்' என்னும் நிறைவை மூளைக்கு உணர்த்தும். இயற்கையான இவ்வோமோன் சில நிமிடங்களில் அழிந்துவிடும். அதன் தொழிலைச் செய்து நெடுநேரம் நிலைக்குமாறு ஆக்கப்பட்டவையே இம்மருந்துகள்.

முதலாவது லிராகுளுடைட். 'சக்செண்டா' என்னும் பெயரில் எடை குறைப்பிற்காக 2014 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நாடோறும் ஏற்றப்படுவது. இரண்டாவது செமாகுளுடைட், 'வெகோவி' என்னும் பெயரில் 2021 இல் அனுமதி பெற்றது, வாரத்திற்கு ஒருமுறை ஏற்றப்படுவது. மூன்றாவது டிர்செபடைட். ஜீ.ஐ.பி. என்னும் மற்றோர் ஓமோனின் தொழிலையும் உடன் செய்யும் இதுவும் வாரத்திற்கு ஒருமுறைக்குரியதே. 2023 இல் அமெரிக்காவில் 'செப்பவுண்ட்' என அனுமதி பெற்றது. இங்கிலாந்தில் 'மவுன்ஜாரோ' எனப் பெயர் பெறும்.

வலிமையும் பொருத்தமும்

உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்து நடத்தப்பெற்ற பெரிய ஆய்வுகளில், நீரிழிவு இல்லாதவர்கள் லிராகுளுடைட்டினால் 56 வாரங்களில் தம் எடையில் நூற்றுக்கு 8 பங்கும், செமாகுளுடைட்டினால் 68 வாரங்களில் ஏறத்தாழ 15 பங்கும், டிர்செபடைட்டின் மிகவுயர்ந்த அளவினால் 72 வாரங்களில் ஏறத்தாழ 21 பங்கும் சராசரியாகக் குறைந்தனர். பின்னிரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2025 இல் வெளியாயிற்று. அதிலே டிர்செபடைட் பெற்றோர் 20.2 பங்கும், செமாகுளுடைட் பெற்றோர் 13.7 பங்கும் குறைந்தனர். நீரிழிவு உள்ளவர்க்கு இக்குறைவு சற்றுச் சிறிதாகவே அமையும்.

ஆயின், வலியதைத் தெரிந்தாற் போதாதோ எனின், போதாது. இருதய நோய் முன்னரே உள்ளவர் ஒருவரைக் கருதுக. 45 வயதும் அதற்கு மேலும் ஆகி, எடை மிகுந்து, இருதய இரத்தக்குழாய் நோயுற்ற, நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் நடத்திய ஆய்வு 2023 இல் வெளிவந்தது. செமாகுளுடைட் பெற்றவர்களிடையே மாரடைப்பு, பாரிசவாதம், இருதய நோயால் மரணம் ஆகியவை, மருந்தில்லா ஊசி பெற்றோரினும் நூற்றுக்கு 20 பங்கு குறைவாயின. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயோடு மிகுந்த எடையும் உள்ளவர்க்கோ, டிர்செபடைட் 2024 இறுதியில் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆகவே எடையோடு சேர்ந்து நிற்கும் நோய் யாதென அறிந்தே மருந்தைத் தெரிதல் வேண்டும்.

இவற்றை விலக்கவேண்டியோரும் உளர். தைரொயிட்டுச் சுரப்பியின் மெடுலரி வகைப் புற்றுநோய் தமக்கேனும் குடும்பத்தார்க்கேனும் வந்திருப்பின் இம்மருந்துகள் ஆகா. சதையி அழற்சி கண்டவர்கள் அதனை வைத்தியருக்கு முதலிற் சொல்லவேண்டும். கருவுற்றோர்க்கு இவை உரியனவல்ல. கருவுற விரும்புவோர் செமாகுளுடைட்டை இரண்டு மாதம் முன்னரே நிறுத்தல் வேண்டும். டிர்செபடைட் கருத்தடைக் குளிசையின் பயனைக் குறைக்கக்கூடும். இன்சுலின் ஏற்றுவோர்க்கு இரத்தத்திற் சீனி அளவுக்கு மீறித் தாழவுங்கூடும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் முதலியன பலர்க்கும் பொது. பித்தப்பைக் கல்லும் சிலர்க்கு உண்டாகும்.

எவர்க்கு இவை உரியன என்பதிலும் எம்மவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் அளந்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டி. அது 30 ஆயினும், தொடர்புடைய நோயோடு 27 ஆயினும் மருந்து கருதப்படலாம் என்பது பொது விதி. தென்னாசியர்க்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் தலைப்படுவதால், இங்கிலாந்திலே அவர்க்கு இவ்வெல்லைகளை 2.5 குறைத்துக் கணிக்கின்றனர்.

ஏறுதலும் நிறுத்தலும்

செமாகுளுடைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்திற்கு ஒருபடியாக 0.5, 1, 1.7 என உயர்ந்து 2.4 ஐ அடையும். டிர்செபடைட் 2.5 இல் தொடங்கி, நான்கு வாரத்தின் முன் உயர்த்தப்படாமல், தேவைக்கேற்ப 15 வரை செல்லும். குடல் பழகுதற்கே இப்படிகள் அமைந்தன. எம் நண்பர் வழுக்கியது இங்கேதான்.

மருந்தை நிறுத்தினால் பசி மீளும். செமாகுளுடைட்டை நிறுத்தியோர், ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கை மீளப் பெற்றனர் என ஓர் ஆய்வு காட்டிற்று. ஆதலின், நெடுங்காலம் வாங்கத்தக்க மருந்து எது, தடையின்றிக் கிடைப்பது எது என்று கணக்கிட்டே தொடங்கல் வேண்டும். பாவிக்கத் தொடங்கும்வரை இப்பேனாக்களை 2 முதல் 8 பாகை செல்சியசுக் குளிரில், உறையாமல் வைத்தல் முறை. பயணப்பெட்டியிற் பலமணி நேரம் கடும் வெப்பத்திற் கிடந்தவை நம்பத்தக்கனவல்ல. போலிச் செமாகுளுடைட் உலவுவதை உலக சுகாதார நிறுவனம் 2024 இல் எச்சரித்தமையும் நினைவிற்குரியது.

எம் நண்பரின் வினாவுக்கு வருவோம். மருந்திலே பிழையில்லை, மருமகனின் அன்பிலும் பிழையில்லை. நோயுற்றவர் இருந்தார், மருந்து இருந்தது, உதவுவோனும் இருந்தான், நான்கனுள் மருத்துவன் ஒருவனே இல்லை. இப்பொழுது அவர் வைத்தியர் ஒருவரிடம் முறையாகச் செல்கின்றார். எம்மருந்தெனினும் மிகச் சிறிய அளவிலிருந்தே தொடங்குவதென உறுதிகொண்டுள்ளார். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களே, ஊரிலுள்ள பெரியோர்க்கு உதவ விரும்பின், பேனாவை அனுப்பாதீர்கள். வைத்தியரைக் காண்பதற்கான செலவை அனுப்புங்கள். அதுவே பேருதவியாகும்.