கொடுமை மனித இயல்பா? அமீர் அப்துல் காதிர் தரும் பதில்

மனிதன் பிறவியிலேயே கொடியவனா? போர்ச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் நம் வீடுகளில் எழும் கேள்வி இது. பூமியில் இவன் இரத்தம் சிந்துவானே என்று வானவர்கள் இறைவனிடம் கேட்டதை அல்பகரா அத்தியாயத்தில் ஓதுகிறோம்.

மானுடவியலாளர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சூடானின் ஜபல் ஸஹாபாவில் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழிகளில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் ஆயுதக் காயங்கள் உள்ளன. சண்டை மிகப் பழையதுதான். ஆனால் போர் உயிரியல் தேவை அல்ல, மனிதர்கள் உருவாக்கிக்கொண்ட வழக்கமே என்று 1940ல் மார்கரெட் மீட் வாதிட்டார். உருவாக்கியதை விட்டுவிடவும் முடியும் அல்லவா?

அல்ஜீரியாவின் வரலாற்றைப் பாருங்கள். 1830ல் பிரான்ஸ் அங்கே படையிறக்கியது. 1832ல் அமீராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அப்துல் காதிர் பதினைந்து ஆண்டுகள் எதிர்த்து நின்றார். 1845 ஜூனில் ஊலாத் ரியாஹ் குலத்தார் பெண்கள், குழந்தைகளுடன் தஹ்ரா குகைகளில் தஞ்சம் புகுந்தனர். கர்னல் பெலிசியேயின் படை குகை வாயிலில் தீ மூட்டியது. புகையில் மூச்சுத் திணறி நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். இது ஆத்திரத்தில் நடந்ததல்ல. தளபதி பியூஜோ முன்பே சொல்லிக் கொடுத்திருந்த முறை. பெலிசியே பின்னாளில் அல்ஜீரியாவின் ஆளுநராகவே ஆனார்.

அமீரோ கைதிகளைத் துன்புறுத்தக் கூடாது என்று விதி வகுத்தார். அவர்களுக்காக ஒரு பாதிரியாரை அனுப்பும்படி அல்ஜியர்ஸ் பிஷப்பைக் கேட்டார். உணவளிக்க முடியாதபோது ஈடு கேட்காமல் விடுவித்தார். 1846ல் அவர் இல்லாத வேளையில் அவருடைய முகாமில் பிரெஞ்சுக் கைதிகள் கொல்லப்பட்டதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. கட்டுப்பாடு தளர்ந்தால் நம் தரப்பிலும் கொடுமை நுழையும்.

1847 டிசம்பரில் அவர் சரணடைந்தார். கீழை நாட்டுக்கு அனுப்புவதாகத் தந்த வாக்கை மீறி, 1852 வரை பிரான்ஸ் அவரைச் சிறைவைத்தது. பழிவாங்க அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் 1860ல் திமஷ்கில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டபோது, தம் ஆட்களுடன் இறங்கி ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். அவர் வீட்டில் அடைக்கலம் பெற்றவர்களில் பிரெஞ்சுத் தூதரும் ஒருவர்!

போரிடும் எதிரியிடமும் வரம்பு மீறாதீர்கள் என்கிறது குர்ஆன். பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அமீர் பின்பற்றியது இதைத்தான். அநீதியை எதிர்க்கும் துணிவை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, இந்த வரம்பையும் சேர்த்தே கற்பிப்போம். அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!