நிருபமாவுக்கு 64 ஆண்டுகள் முன்பே விம்பிள்டனில் வென்ற லீலா ராவ்

புதுதில்லி: கோவையைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் 1998ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன் போட்டியின் முதல் சுற்றில் இத்தாலி வீராங்கனையைத் தோற்கடித்தபோது, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் வென்ற முதல் இந்தியப் பெண் என்று பாராட்டப்பட்டார். தொழில்முறை ஆட்டக்காரர்களும் அனுமதிக்கப்பட்ட 1968-க்குப் பிந்தைய கணக்கில் அது சரியே. அதற்கு முந்தைய கணக்கைப் பலரும் புரட்டிப் பார்க்கவில்லை.

1934ஆம் ஆண்டு விம்பிள்டனில் பம்பாயைச் சேர்ந்த லீலா ராவ் களம் இறங்கினார். வயது 22. முதல் சுற்றில் பிரிட்டனின் கிளாடிஸ் சவுத்வெல்லிடம் முதல் செட்டை 4-6 என இழந்தார். அடுத்த செட்டையும் இழந்திருந்தால் அவர் பெயர் ஏட்டில் ஒரு வரியாக முடிந்திருக்கும். டைபிரேக்கர் முறை இல்லாத காலம் அது. 18 ஆட்டங்கள் நீண்ட அந்தச் செட்டை 10-8 எனக் கைப்பற்றிய லீலா, கடைசி செட்டை 6-2 என எளிதில் வென்றார். இரண்டாவது சுற்றில் பிரான்சின் ஐடா ஆடமாஃபிடம் தோற்று வெளியேறினார். மறு ஆண்டும் விம்பிள்டன் சென்றார். முதல் சுற்றைத் தாண்டவில்லை.

அந்த வெற்றிக்குச் சில மாதங்கள் முன்பு, 1934 ஏப்ரலில்தான் காந்தியடிகள் சட்டமறுப்பு இயக்கத்தை நிறுத்திவைத்தார். லீலாவின் வீட்டுக்கும் அந்த இயக்கத்துக்கும் தொடர்பு உண்டு. தாயார் பண்டித க்ஷமா ராவ், காந்தியடிகளின் போராட்டத்தைச் சமஸ்கிருதத்தில் "சத்தியாகிரக கீதை" எனும் காவியமாகப் பாடியவர். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே அச்சேற்ற வழியில்லாததால், அந்நூல் 1932இல் பாரிஸ் நகரில் வெளியானது. க்ஷமா ராவும் டென்னிஸ் ஆடியவர் என்பது இன்னொரு வியப்பு. தாயின் நூல் வெளிநாட்டில் அச்சாக, மகள் ஆள்வோரின் தலைநகரிலேயே அவர்கள் நாட்டுப் பெண்ணை வென்றார்.

இதில் வசதியின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. பரிசுப் பணம் கிடையாது. கப்பல் பயணமே பல வாரங்கள். தந்தை பம்பாயில் மருத்துவர். அத்தகைய குடும்பத்துப் பெண்ணுக்கே அன்று லண்டன் எட்டியது. ஆயினும் பணம் படைத்தவர் எல்லோரும் 10-8 என வென்றுவிடவில்லை.

உள்நாட்டில் அவரது ஆதிக்கம் நீண்டது. 1931இல் முதன்முறையாக அகில இந்திய ஒற்றையர் பட்டம் பெற்ற அவர், 1943 வரை 7 முறை அதனை வென்றார்.

பின்னர் அவர் மணந்த ஹரீஷ்வர் தயாள், வெளியுறவுப் பணியில் சிக்கிமில் அரசியல் அதிகாரியாகவும் நேபாளத்தில் இந்தியத் தூதராகவும் இருந்தவர். விளையாட்டு வீரர்களுக்கு மத்திய அரசு அர்ஜுனா விருதை ஏற்படுத்திய 1961இல், லீலா கடைசிப் பட்டம் வென்று 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுதலைக்குப் பிந்தைய சாதனைகளையே எண்ணப் பழகிய தில்லிக்கு, அவர் தூதரின் மனைவியாகவே தெரிந்திருந்தார்.

விம்பிள்டன் ஒற்றையர் முதல் சுற்றில் சானியா மிர்சா வென்றது 2005இல். லீலாவின் வெற்றிக்கு 71 ஆண்டுகள் கழித்து. மட்டையை வைத்த பிறகு லீலா எழுத்துக்குத் திரும்பினார். தாயாரின் கதைகளைச் சமஸ்கிருத நாடகங்களாக்கினார். மணிப்புரி நடனம் குறித்தும், தமிழகத்தின் பரதநாட்டியம் குறித்தும் நூல்கள் எழுதினார்.