லேடாங் மலையும் டிகோடர்ப் பெட்டியும்

மலேசியாவின் மூவார் நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில், 1,276 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் லேடாங் மலையை, அங்கே வாசம் செய்வதாகச் சொல்லப்படும் இளவரசியின் கதையைக் கொண்டு அறிந்தவர்கள் பலர். கூரைமேல் ஏறி ஏரியலைத் திருப்பிக்கொண்டே, "படம் தெளிஞ்சிருச்சா?" என்று வீட்டுக்குள் இருப்பவரைக் கூவிக் கேட்ட தலைமுறையினருக்கோ, அது ஒளிபரப்பு நிலையம் அமைந்த மலை. அம்மலையிலிருந்து புறப்படும் அலைகள் எந்த விதிகளுக்கு உட்பட்டு வரவேண்டும் என்று நிர்ணயிப்பது, வெறும் யந்திர நுணுக்கமாக வெளிப்பார்வைக்குத் தோன்றினாலும், ஒரு தேசம் தன் மக்களின் வீட்டுக்கூடம் ஒவ்வொன்றையும் பற்றிச் செய்துகொள்ளும் தீர்மானமே ஆகும்.

1978-இல் மலேசியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தபோது கையாளப்பட்டது, ஜெர்மனியின் டெலிஃபுங்கன் கம்பெனியைச் சேர்ந்த வால்டர் புரூக் வகுத்த 'பால்' (PAL) முறை. அதில் அலை பலவீனப்பட்டால் திரையில் புள்ளிகள் பெருகுமேயன்றி, செய்தி வாசிப்பவரின் முகம் முற்றிலும் மறைந்துவிடாது. டிஜிட்டல் முறையின் சுபாவம் வேறு. படமும் குரலும் எண்களாக மாற்றப்பட்டு, வழியில் நேரும் பிழைகளைத் திருத்துவதற்கான உபரி எண்களும் கூடவே அனுப்பப்படுவதால், ஓர் எல்லை வரையில் படம் மாசு மறுவின்றி நிற்கிறது. எல்லை தாண்டியதும் உறைந்து, பிறகு மறைந்தே போகிறது. இன்று மலேசியா கையாளும் டி.வி.பி.-டி2 தரநிலையில் இந்தத் திருத்த வேலையைச் செய்யும் குறியீடு, 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கல்லாகர் என்னும் அமெரிக்கர் வகுத்தது. அதற்குரிய கணக்குகளை விரைந்து போடவல்ல சில்லுகள் அக்காலத்தில் இல்லாமையால், அநேகமாக முப்பது ஆண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது.

தரநிலைகளுக்கிடையே உள்ள முக்கியமான பேதம் எதிரொலியை அவை சமாளிக்கும் விதத்தில் இருக்கிறது. கோபுரத்திலிருந்து நேரே வரும் அலையோடு, குன்றிலும் கட்டடத்திலும் மோதித் திரும்பும் அலையும் சற்றே பிந்தி வந்து சேர்கிறது. பழைய பெட்டிகளில் ஒரு முகத்துக்குப் பக்கத்தில் மற்றொரு மங்கலான முகம் தோன்றியதன் காரணம் இதுவே. ஐரோப்பியர்கள் கண்ட யுக்தி, எண்களையெல்லாம் ஒரே அலையில் அவசரமாக ஏற்றாமல், ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளில் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் நிதானமாக அனுப்புவது. எதிரொலி மிகுந்த மண்டபத்தில் பேசுகிறவர் சொல்லுக்குச் சொல் சற்று நிறுத்துவதைப் போல, ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையே சிறிது காவல் நேரமும் விடுவது. அந்த இடைவெளி 224 மைக்ரோசெகண்டு என்று வைத்துக்கொண்டால், ஒளியின் வேகத்தில் செல்லும் அலை அதற்குள் 67 கிலோமீட்டர் கடந்துவிடுமாதலால், அவ்வளவு தூரம் சுற்றிவரும் எதிரொலியும் தீங்கு செய்யாது. முதலில் வந்த டி.வி.பி.-டி முறை, 6,817 அலைகளை வைத்துக்கொண்டு, இந்தப் பாதுகாப்புக்காகக் குறியின் நீளத்தில் கால் பங்கு நேரத்தைச் செலவிட வேண்டியிருந்தது. 27,000-க்கும் மேற்பட்ட அலைகளைக் கொள்ளும் டி2 முறையிலோ, குறி நான்கு மடங்கு நீண்டதாகையால், பதினாறில் ஒரு பங்கு போதும். இந்தச் சிக்கனமும் கல்லாகரின் குறியீடும் சேர்ந்ததன் பலனாக, பிரிட்டனில் ஓர் அலைவரிசை விநாடிக்குச் சுமார் 24 மெகாபிட் சுமந்த இடத்தில் 40 மெகாபிட் சுமக்கலாயிற்று.

இனி, உலகம் ஏன் ஒரே தரநிலையைக் கொள்ளவில்லை என்று கேட்கலாம். அமெரிக்கா 1996-இல் ஒற்றை அலையை நம்பும் ஏ.டி.எஸ்.சி. முறையை ஏற்றது. பூகம்ப பூமியாகிய ஜப்பான் 2003-இல் தொடங்கிய ஐ.எஸ்.டி.பி.-டி முறை, அலைவரிசையைப் பதின்மூன்று கூறுகளாக்கி, கைப்பேசிக்கென ஒரு கூறை ஒதுக்கியதோடு அபாய அறிவிப்புக்கும் வசதி செய்தது. ஆசியான் தகவல் அமைச்சர்கள் 2007-இல் டி.வி.பி.-டி முறையைப் பொதுவில் ஒப்புக்கொண்ட பின்பும், பிலிப்பைன்ஸ் 2010-இல் ஜப்பானிய வழியில் சென்றது. அமெரிக்க ஆட்சிக் காலத்துத் தொடர்பால் அங்கே அலைவரிசையின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸாக இருந்ததையும், அந்நாடும் நில அதிர்ச்சிக்கு ஆளானது என்பதையும் எண்ணினால் அதில் வியப்பில்லை. இலங்கை 2014-இல் ஜப்பானிய முறைக்கு மாறியதில் ஏரியலைக் காட்டிலும் ராஜதந்திரத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

மலேசியா இவ்விஷயத்தில் காட்டியது, திட்டமிட்ட விவேகமோ அரசாங்கத்துக்கு இயல்பான தாமதமோ, எப்படியாயினும் அநுகூலமாகவே முடிந்தது. 2006-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் அரசாங்க ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம். நடத்திய சோதனை பழைய டி.வி.பி.-டி முறையில் இருந்தது; அப்போதே அவசரப்பட்டு அதை நாடெங்கும் பரப்பியிருந்தால், 2009-இல் டி2 வெளியானபோது, கோபுரங்களில் சாதனங்களை மாற்றிவிடலாம் என்றாலும், வீடு வீடாகச் சென்ற பெட்டிகளை என்ன செய்வது? தரநிலையின் விலங்கு மாட்டப்படுவது மலையுச்சியில் அன்று, வீட்டுக்கூடத்தில்தான். 2017 ஜூன் 6-ஆம் தேதி மைடிவி நிறுவனத்தின் வாயிலாக டிஜிட்டல் ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியபோது, நாடு நேரே டி2 முறையில் இறங்கிவிட்டது. அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு, டிஜிட்டல் அலையைப் படமாக்கித் தரும் டிகோடர் பெட்டி இலவசமாக வழங்கப்பட்டது. 2019 ஜூலையில் லங்காவியில் முதன்முதலாக நிறுத்தப்பட்ட பழைய ஒளிபரப்பு, அக்டோபர் 31-ஆம் தேதி சபா சரவாக்கோடு நாடெங்கும் முடிவுற்றது.

மூவாரைப் போன்ற கடற்கரை ஊருக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் தீவுகளும், தெற்கே சிங்கப்பூரும் இருக்க, அலைகளோ குடிநுழைவு முத்திரைக்குக் காத்திருப்பதில்லை. யார் எந்த அலைவரிசையைக் கொள்வது என்று அண்டை நாடுகள் கலந்து பேசித் தீரவேண்டியிருக்கிறது. இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் டி2 முறையையே கொண்டதால், தயாரிப்பாளர்களுக்குச் சந்தை பெரிதாகி, பெட்டியின் விலை இறங்க வழி ஏற்பட்டது. தொலைக்காட்சி நெருங்கி அமர்ந்து காலிசெய்து கொடுத்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி, பின்னர் 5ஜி கைப்பேசிச் சேவைக்கு உதவிற்று.

டி2 என்பது அலை செல்லும் வழியை மட்டுமே வரையறுப்பது. படத்தைச் சுருக்கிக் கட்டும் முறையைத் தேசம் தனியே தேர்ந்துகொள்ளலாம். மலேசியா எச்.264 முறையைக் கொண்டது. ஜெர்மனி அதே டி2 முறையோடு எச்.265-ஐக் கொண்டு, ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே தெளிவைப் பெறுகிறது. இங்கும் ஒருநாள் அம்முறைக்கு மாற விரும்பினால், பழைய சுருக்கத்தை மட்டும் அவிழ்க்கத் தெரிந்த டிகோடர்களில் குரல் வந்தாலும் படம் வராது. லேடாங் மலையிலிருந்து அலை மட்டும் முன்போல் வந்துகொண்டிருக்கும்.