மணல் காத்த திராட்சை

லிஸ்பனுக்கு மேற்கே, சிந்த்ரா மலைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே கொலாரிஷ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ரமிஸ்கு என்னும் கருந்திராட்சைக்குப் பந்தல் கிடையாது. கடற்காற்றுக்கு ஒடுங்கி மணலிலேயே படர்ந்து கிடக்கும் கொடிகளைச் சுற்றி நாணல் தட்டிகள் நிற்கும். காய் பழுக்கும்போது சுடுமணல் படாதபடி குச்சிகளால் முட்டுக்கொடுத்துத் தூக்கிவிடுவார்கள்.

அந்த மணல்தான் ரமிஸ்குவைக் காப்பாற்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அசுவினிக்கு உறவான ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் மற்ற ஊர்கள் மீண்டன. பொலபொலவென்ற மணலில் அந்தப் பூச்சியால் பரவ முடியவில்லை. கொலாரிஷ் கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. ஆனால் மணலில் சத்தில்லை. அடியிலுள்ள களிமண்ணை எட்டும்வரை ஆழக் குழிதோண்டித்தான் நடவேண்டும். மணல் சரிந்து மூடினாலும் மூச்சுவிட இடமிருக்கட்டும் என்று, குழியில் இறங்கியவர்கள் அந்நாளில் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொள்வார்களாம்.

பூச்சியால் முடியாததை வீட்டுமனைகள் செய்தன. 1908இல் எல்லை வகுத்துச் சட்டப் பாதுகாப்பு தந்தும், லிஸ்பனின் விரிவாக்கத்துக்குத் தோட்டங்கள் பலியாகி, இன்று சொற்பமே மிச்சம். அதனால் ரமிஸ்கு ஒயின் புட்டி கிடைப்பதும் அரிது, விலையும் கூடுதல்.

கோப்பையில் வெளிர்சிவப்பு, ஆல்கஹால் பெரும்பாலும் 12 விழுக்காட்டை ஒட்டியே. லேசான ஒயின் என்று நம்பி இளசாக வாங்கிவிடாதீர்கள். சிறிய பழம், தடித்த தோல். புளிப்போடு, கடுக்காயைக் கடித்ததுபோல் ஒரு துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். அது தணியக் காலம் வேண்டும். விளைந்த ஆண்டைப் பார்த்து, பத்தாண்டாவது கடந்த புட்டியை எடுப்பதே என் யோசனை. அரை லிட்டர் புட்டிகளும் உண்டு. இருவருக்கு அது போதும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறச் சொல்வது ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளை வைத்துச் சொன்னது. ரமிஸ்குவுக்கு 15, 16 டிகிரி செல்சியஸ் பொருந்தும். வெப்பமான ஊரில் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுங்கள். மிகவும் சில்லிட்டால் துவர்ப்பு இன்னும் முரடாகும். பழைய புட்டியை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்தால் கசடு அடியில் தங்கும். ஆட்டாமல், ஒரே சீராக ஊற்றி, கசடு கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். இளம் ஒயினை ஓரிரு மணி நேரம் முன்பே அகன்ற குடுவைக்கு மாற்றிக் காற்றாட விடலாம்.

துணைக்குக் கொழுப்பும் உப்பும் உள்ள உணவு வேண்டும்: சுட்ட ஆட்டிறைச்சி, அல்லது போர்த்துகீசியர் ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றிச் சமைக்கும் உப்புக்கருவாடான பக்கல்யாவ்.