உப்பை வெறுத்த புழு

தரங்கம்பாடிக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு உப்பு புதிதல்ல. ஆனால் உப்பைக் கொண்டு ஒரு புழுவுக்குப் பாடம் நடத்தலாம் என்பதை நான் இவ்வாண்டுதான் அறிந்தேன்.

அப்புழுவின் பெயர் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ். நீளம் 1 மில்லிமீட்டர். நம் வயல்களில் நெல்லின் வேரைத் துளைக்கும் நூற்புழுக்களுக்கு உறவுதான். எனினும் பயிரைத் தொடாது, பாக்டீரியாவைத் தின்று வாழும் சாதுப் பிராணி. சிட்னி பிரென்னர் இதன் மரபியலை 1974-இல் வெளியிட்டார். இதற்கு மூளை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நரம்புச் செல்கள் மொத்தமே 302.

இது இயல்பாக உப்பை நாடிச் செல்லும். 2001-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் சில புழுக்களை உப்புள்ள தட்டில் பட்டினி போட்டனர். பிறகு பார்த்தால், உப்பின்மீது இருந்த நாட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது! உப்பில்லாமல் பட்டினி கிடந்தவையும், உப்போடு உணவும் பெற்றவையும் அவ்வளவாக மாறவில்லை. ஆகவே, உப்பையும் பசியையும் புழு முடிச்சுப் போட்டுக்கொண்டது என்றே கொள்ள வேண்டும். இதுவே இணைவுக் கற்றல்.

இன்சுலின் தொடர்பான சில ஜீன்கள் பழுதுபட்ட புழுக்களுக்கு இப்பாடம் ஏறவில்லை என்று 2006-இல் கண்டனர். அப்படியானால் படிப்பு பிறவியிலேயே வருவதா? "பரம்பரையில் படித்தவர் இருந்தால்தான் படிப்பு வரும்" என்று சொல்வோர் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் என்பதால் நான் அதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். புழுவின் கதையோ வேறு. இது தனக்குத்தானே கருவுற்று முட்டையிடுவதால், ஒரு தாயின் குஞ்சுகள் யாவும் ஏறக்குறைய ஒரே ஜீன் அமைப்பு உடையவை. அவற்றுள் உப்போடு பட்டினி கிடந்தவை மட்டுமே உப்பைக் கைவிடுகின்றன. ஜீன் தருவது கற்கும் திறனை. கற்ற பாடம் அந்தத் தட்டில் கிடைத்தது.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடந்துள்ளது. மொகாலியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் கவிதா பாபு குழுவினர், மனிதரிடமும் காணப்படும் 'கிரெப்' என்ற புரதத்தை இப்புழுவில் ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். அப்புரதம் இல்லாத புழுவுக்கு நீண்டகால நினைவு தங்கவில்லை. பிறவியிலேயே உள்ள மணநாட்டமும் குறைபட்டது. புரதத்தின் ஒரு வகையை 'ரிம்' என்னும் நரம்புச் செல்களில் மட்டும் திரும்பச் சேர்த்தபோது நினைவு மீண்டது! இன்னும் வியப்பு, அப்புரதத்தின் 247, 266 ஆகிய இரண்டு இடங்களிலுள்ள அமினோ அமிலங்கள் நினைவுக்கு இன்றியமையாதவை. இயல்பான நாட்டத்துக்கோ அவை தேவைப்படவில்லை. ஒரே புரதம், பிறவிக் குணத்துக்கு ஒரு வழியிலும் கற்ற பாடத்துக்கு வேறு வழியிலும் உழைக்கிறது.